உப்பளத்துப் பெண்கள் தண்ணீர் குடித்த கோடை

பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பெண்கள் இருந்த ஊர் அது. கடலை ஒட்டிய ஊர், உப்பு விளைகிற ஊர். வெளிச்சம் வருமுன்பே அளத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து வீடு திரும்புகிற அந்தப் பெண்களுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. வெள்ளைப் பாத்திகளின் மேல் விழுகிற வெயில் அப்படியே திரும்பி எழுந்து முகத்தை அடிக்கும், உதடு வெடிக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீரும் கொண்டுபோவார்கள், ஆனால் வாயில் ஊற்றிக் கொப்பளித்து வரப்பில் துப்பிவிட்டு மூடியைத் திருகி வைத்துவிடுவார்கள். குடித்தால் போக வேண்டும், போவதற்கு அங்கே இடம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தட்டைத் தரை, மரம் இல்லை, புதர் இல்லை, லாரிக்காரர்களும் சுமை ஏற்றுகிற ஆண்களும் நாள் முழுக்க வரப்பில் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். குவித்த உப்புக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்றால், சரக்கைக் கெடுத்துவிட்டாள் என்று வேலையை மேற்பார்க்கிற கங்காணி ஊரைக் கூட்டிவிடுவார்.

ஒரு மறைவு கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்காமல் இல்லை. அளத்துக்குச் சொந்தக்காரியான கோமதிநாயகி அம்மாள், உப்புத் தரையில் செங்கல் நிற்காது என்று சொல்லி அனுப்பினார். ரோட்டோரத்தில் அவர்கள் உப்பைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கி அதே தரையில் செங்கல் வைத்துக் கட்டியதுதான், தாத்தா காலத்திலிருந்து நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி சந்தனமாரி. அவளுக்குக் கவலைப்படாமல் இருக்கத் தெரியாது. அடுப்பை அணைத்தோமா என்று அளத்தில் நின்று கவலைப்படுவாள், உப்பு வாருகிற பலகையை வரப்பிலேயே விட்டுவிட்டோமோ என்று வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவாள், மகள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்றும் சிரிக்காவிட்டால் என்ன வந்ததோ என்றும் கவலைப்படுவாள். கணவன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு மிஞ்சியது முத்துபவித்ரா என்கிற அந்த மகள்தான். பவித்ரா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். கல்லூரியும் கோமதிநாயகி அம்மாளுடையதுதான், அந்த ஊரில் உப்பும் படிப்பும் ஒரே வீட்டிலிருந்து வந்தன.

கவலைப்படுவதற்குச் சந்தனமாரிக்கு உண்மையான காரணமும் ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக நீர்க்கடுப்பு. ஒருநாள் காய்ச்சலோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சிறுநீரகம் சுருங்கிப்போச்சு, இன்னொண்ணும் அந்த வழியிலதான் போகுது, பகல்ல தண்ணி குடிங்க, இல்லேன்னா இதுவும் போயிரும், அப்புறம் உயிருக்கு யாரும் பொறுப்பில்ல என்று சொன்னார். சந்தனமாரி சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் அளத்தில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

அந்த வருஷம் மாசி மாதம் இது நடந்தது.

கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துத் தாளாளரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் அதையே வாசிப்பார்கள். தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் பெரிய ஹாலில் கூடி ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கையில் புத்தகத்தோடு கூடவே வரி வரியாகப் போவார்கள். அந்த வருஷத்துப் புத்தகம் உலகத்து மக்களின் உடம்பைப் பற்றியது. எந்த நாட்டில் எந்த நோய் ஏன் வருகிறது, மருந்து இருந்தும் யாருக்குக் கிடைப்பதில்லை, கிணறு எவ்வளவு தூரம், டாக்டர் எவ்வளவு தூரம் என்று தலையணை கனத்துக்கு இருந்தது. வாசிப்புக்குப் பொறுப்பு ஆங்கிலத்துறைப் பேராசிரியை தமயந்தி. வெறுமனே வாசித்தால் போதாது, பக்கத்தில் இருக்கிற மக்களோடும் பழக வேண்டும் என்று அவர் சொன்னதால், தொடக்க விழாவுக்கு அளத்துப் பெண்களைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, மேடையில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பவித்ரா தன் அம்மாவைப் பார்த்ததும் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா அளத்தில் வேலை செய்வதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். எங்கே எந்த உடல் வாடினாலும் அந்த வாட்டத்தை எங்கள் உடலில் ஏற்போம் என்று தாளாளர் கோமதிநாயகி அம்மாள் சொல்லச் சொல்ல, மொத்தக் கல்லூரியும் கூரை அதிரத் திரும்பச் சொன்னது. பின்னாளில் இந்த உறுதிமொழிதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், புத்தகம்தான் என்று சிலர் சொன்னார்கள், அளத்து வடக்கு மூலையில் இருக்கிற இசக்கியம்மனுக்கு அந்த வருஷம் கொடைத் திருவிழா தள்ளிப்போனதுதான் என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். காரணத்தைத் தேடி யாரும் ரொம்ப நாள் அலையவில்லை, ஆளாளுக்கு அவசரம் இருந்தது.

மறுநாள் மத்தியானம், ஊர் மில்லில் சங்கு ஊதுகிற நேரம் சந்தனமாரிக்கு வழக்கம்போல அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு உப்பை இழுத்தாள். தலைச்சுமையை யாரோ பின்னாலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டதுபோலச் சட்டென்று அது போய்விட்டது. வயிறு லேசாகிவிட்டது, புடவையோ காய்ந்திருந்தது. சந்தனமாரி பலகையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எக்கா, எனக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டுக்கா” என்றாள், பக்கத்துப் பாத்தியில் நின்ற ஜெபக்கனியிடம். “முட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்ப இல்ல. அப்படி நின்னு போனா ஆளு செத்துருவாகளாமே.”

ஜெபக்கனி அவளைவிட மூத்தவள், அளத்திலேயே பெரிய வாய்க்காரி. “நீ செத்தா நானும் செத்துட்டேன். எனக்கும் இப்பத்தான் போச்சு” என்றாள்.

வரப்பு நெடுக விசாரித்தார்கள். எல்லாருக்கும் போயிருந்தது.

சாயங்காலம் சந்தனமாரி வீட்டுக்கு வந்தபோது பவித்ரா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“யம்மா, இன்னைக்குக் காலேஜ்ல ஒரு கூத்து. மில் சங்கு ஊதுச்சு பாரு, அப்ப மொத்த ஹாலும் எந்திரிச்சு ஓடிட்டு. தமயந்தி மிஸ் பாதி வரியில நிப்பாட்டிட்டு ஓடுதாங்க, பிரின்சிபால் ஓடுதாரு, வாட்ச்மேன் கேட்டைத் தெறந்து போட்டுட்டு ஓடுதாரு. நானும் ஓடுனேன்.”

“எங்கட்டி ஓடுனிய?”

“எங்கன்னா? பாத்ரூமுக்குத்தான்.”

சந்தனமாரி மகளை மேலும் கீழும் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவளுக்கு அந்தச் சமயத்தில் கவலை வரவில்லை, சிரிப்பு வந்தது. முதல்வர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நினைத்தாள், சங்குச் சத்தத்தை நினைத்தாள், அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஜெபக்கனி வீட்டுக்கு நடந்தாள்.

ஜெபக்கனி எதையும் கையோடு சோதித்துப் பார்க்கிற ஆள். அடுத்த நாள் சங்கு ஊதியதும் பாட்டிலைத் திறந்து, அளத்துத் தரையில் நின்றபடி, கொப்பளிக்காமல் துப்பாமல் முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள். மற்றவர்கள் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது, உடனே தெளிந்தும் விட்டது. “அம்புட்டுத்தான், அங்க போய்ச் சேந்துட்டு” என்றாள். அன்று கல்லூரி எந்த நிமிஷம் எழுந்து ஓடியது என்று பவித்ரா வந்து சொன்னபோது இரண்டு நேரமும் ஒத்துப்போயின.

அதன்பிறகு அளத்துப் பெண்கள் தண்ணீர் குடித்தார்கள். முதலில் பயந்து பயந்து ஒரு மடக்கு, பிறகு இரண்டு மடக்கு, பிறகு பாட்டில் போதாமல் குடத்தில் கொண்டுவந்து வரப்பில் வைத்து, அது சூடாகாமல் ஈரச் சாக்கு சுற்றி, எலுமிச்சையும் சீரகமும் போட்டு, பதநீர் வருகிற நாளில் பதநீரும், மோர் கிடைக்கிற நாளில் மோரும் என்று, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த தாகத்தையெல்லாம் அந்த ஒரு கோடையில் குடித்துத் தீர்த்தார்கள். அளத்தில் கால் வைத்ததிலிருந்து இறங்குகிற வரைக்கும் குடிப்பது அங்கே, போவது கல்லூரியில்.

“இது பிரின்சிபாலுக்கு” என்று சொல்லி ஒருத்தி குடிப்பாள். “இந்தா, இது கெமிஸ்ட்ரிக்கு” என்று இன்னொருத்தி சொம்பைத் தூக்குவாள். “கெமிஸ்ட்ரிக்கு நேத்தே ஊத்தியாச்சுட்டி, கணக்குக்கு ஊத்து, அவுக காஞ்சு கிடக்காக” என்பாள் ஜெபக்கனி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, அந்த வலியும் கல்லூரிக்குப் போனதா என்று தெரியவில்லை. வெடித்த உதடுகள் மூடின. தலைவலி நின்றது. சந்தனமாரியின் கடுப்பு மெல்ல மெல்ல விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா புதுச் சோதனையைப் பார்த்துவிட்டு, நல்லாத் தேறி வருது, இப்படியே குடிங்க, விட்டுராதீங்க என்றார்.

கல்லூரியும் பழகிக்கொண்டது. முதல் வாரம் பெருங்குழப்பமாகத்தான் இருந்தது, உணவு கெட்டுவிட்டது என்று கேன்டீனைச் சாத்தினார்கள், குழாய்த் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள், யாரோ திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்தார்கள். ஜெபக்கனி சோதித்துப் பார்த்த கதை ஊரில் பரவி, விஷயம் இன்னதென்று தெரிந்தபின் குழப்பம் அடங்கி அது நடைமுறையாகிவிட்டது. பாடம் நடத்துகிறவர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தால் வகுப்பே எழுந்துகொள்ளும், காரணம் யாரும் கேட்பதில்லை, திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து தொடர்வார்கள். துறைத்தலைவர்களுக்கென்று பூட்டுப் போட்டு வைத்திருந்த கழிவறையின் பூட்டை முதல் நாளே யாரோ உடைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு பூட்டு மாட்டப்படவே இல்லை. வரிசையில் துப்புரவு செய்கிறவரும் துறைத்தலைவரும் முன்னும் பின்னும் நின்றார்கள், நின்ற இடத்தில் பேச ஏதாவது வேண்டுமே என்று ஒருவர் வீட்டுக் கதையை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேராசிரியர்கள் வரிசையில் சமாதானமானார்கள். குழாய் வேலை செய்கிற செல்லத்துரைக்குக் கல்லூரியில் முதல்வருக்கு அடுத்த மரியாதை வந்தது. ஊரில் கல்யாணம் நடத்துகிறவர்கள் கல்லூரிக்காரர்களைக் கதவோரமாக உட்கார வைத்தார்கள், பஸ் கண்டக்டர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்தே விசிலடித்து வண்டியை நிறுத்தினார்கள், மீன் மார்க்கெட்டில் ஜெபக்கனியைக் கண்டால், “எக்கா, இன்னைக்கு மோரா பதநீயா, எங்க வீட்டுக்காரர் காலேஜ் லேப்ல இருக்காரு, பாத்துக் குடிங்க” என்று பெண்கள் கெஞ்சினார்கள்.

வாசிப்பும் நிற்கவில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு பகுதி வந்தது, எங்கோ ஒரு கண்டத்தில் தேயிலை பறிக்கிற பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தாகத்தோடு வேலை செய்கிறார்கள் என்று. முன்பென்றால் ஐயோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள், இப்போது எல்லாருக்கும் அது அடிவயிற்றில் தெரிந்தது. பவித்ராவின் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக, “மேடையில கடைசியா உக்காந்திருந்தாங்கள்லா, அவங்க உங்கம்மாதான?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“இப்பக் குடிக்காங்களா?”

“குடிக்காங்க.” பவித்ரா புத்தகத்தை மடியில் இறக்கினாள். “நல்லாக் குடிக்கட்டும்.”

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பரீட்சை வந்தது.

பரீட்சை வந்ததும் சந்தனமாரியின் பழைய குணமும் வந்துவிட்டது. பரீட்சை ஹாலை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஒரு மடக்குக் குடித்து, அது மகளை எழுப்பி, மகள் வெளியே ஓடி, பேப்பர் போய், படிப்புப் போய், அவளும் நாளைக்கு இந்த அளத்துக்கே வந்து நிற்பாள் என்று வரிசையாகக் கற்பனை செய்தாள். மறுநாள் வரப்பில் எல்லாரையும் கும்பிட்டாள்.

“பரீட்சை முடியுற மட்டும் காலையில யாரும் குடிக்காதிய. உங்க பிள்ளையா நினைச்சுக்கோங்க.”

“ஒம் மவ எழுதுததுக்கு நாங்க காயணுமோ?” என்று ஜெபக்கனி சத்தம் போட்டாள். ஆனாலும் பவித்ராவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். முணுமுணுத்துக்கொண்டே குடத்தின் வாயில் சாக்கை இழுத்து மூடினாள். மற்றவர்கள் மத்தியானச் சங்குக்குப் பிறகு குடித்துக்கொண்டார்கள். சந்தனமாரி அதையும் குடிக்கவில்லை, மகள் ஹாலிலிருந்து எப்போது வெளியே வருவாளோ, கடிகாரம் ஏதாவது தப்பிப்போகுமோ என்ற பயத்தில் பழையபடி கொப்பளித்துத் துப்பிக்கொண்டே நாளைக் கடத்தினாள். பரீட்சை பாதி நடக்கும்போதே நீரில் ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிறகொரு காலையில் குளிர்காய்ச்சல் உலுக்கிக் கால் மடங்கி வரப்பில் விழுந்தாள். ஜெபக்கனியும் மற்றவர்களும் உப்பு லாரியை மறித்து அதில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பவித்ரா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சந்தனமாரியின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“பரீட்சை எப்படிட்டி எழுதுன?” என்று சந்தனமாரி முதலில் கேட்டாள்.

“எழுதல.”

“ஐயோ, வெளிய அனுப்பிட்டாவளா?”

“ஒருத்தரும் அனுப்பல. யாருக்கும் ஒண்ணும் வரல. ஹாலே கம்முனு இருந்துச்சு, ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.” பவித்ரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “வயித்துல ஒண்ணுமே இல்லாம லேசா இருந்துச்சும்மா. பரீட்சை தொடங்குனதுல இருந்தே காலையில அப்படித்தான். இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, எனக்காக நீ குடிக்காம இருக்கன்னு. எனக்குக் கை ஓடல.”

“நீ நல்லா எழுதணும்னுதான்...”

“நீ செத்துப்போய் நான் நல்லா எழுதவா? நாங்க ஆயிரம் பேரு இருக்கோம், பங்கு போட்டா ஆளுக்குத் துளிதான் வருது. போயிட்டு வந்து எழுதிக்கிடுவோம். நீ ஒத்தையா வச்சிருந்தா அது உன்னைக் கொன்னுபோடும். இனி எனக்குன்னு சொல்லி நீ குடிக்காம இருந்தா நான் பரீட்சைக்கே போவ மாட்டேன், பாத்துக்கோ.”

தமயந்தி அன்றே தேர்வு அறைகளைச் சுற்றி வந்து, போகிறவர்கள் போய்விட்டு வந்து எழுதலாம், கூடவே மேற்பார்வையாளரும் போகத்தான் போகிறார் என்று ஏற்பாடு செய்தார். அடுத்த பரீட்சையன்று காலையில், வீட்டில் படுத்திருக்கச் சொல்லியும் கேட்காமல் சந்தனமாரி அளத்துக்குப் போய், தரையில் காலை ஊன்றிக்கொண்டு, ஒரு சொம்பு குடித்தாள். சாயங்காலம் பவித்ரா, நல்லா எழுதியிருக்கேன், நடுவுல நாலு தரம் போயிட்டு வந்தேன் என்று சிரித்தாள்.

எல்லாரும் பழகிக்கொண்ட ஒன்றை ஒருவரால் மட்டும் பழகிக்கொள்ள முடியவில்லை. கோமதிநாயகி அம்மாள் யாருக்காகவும் வரிசையில் நின்றவரில்லை. ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் கழுத்துக்கு மாலையைக் கொண்டுபோன நேரத்தில் அவருக்கு வந்துவிட்டது, மாலையை விருந்தினர் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓட வேண்டியதாயிற்று. கீழே இருந்தவர்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் வாசிப்பை நிறுத்தினார். புத்தகங்களைத் திரும்ப வாங்கி ஓர் அறையில் பூட்டினார். படித்தது படித்ததுதான், வருவது நிற்கவில்லை. பிறகு எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தி, நீட்டிய கையை மடக்கி, எடுத்த உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொல்ல வைத்தார். பாதி வாக்கியத்தில் மைதானம் காலியாகிவிட்டது. அந்த நேரத்தில் அளத்தில் ஜெபக்கனிக்குப் பிறந்தநாள் என்று சர்பத் கலக்கியிருந்தார்கள். நாம வேணும்னுதானேம்மா கேட்டோம், கேட்டது கிடைச்சதுக்கு ஏன் வருத்தப்படணும் என்று தமயந்தி சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. கொடுத்தவர்கள்தான் விட வேண்டும், அளத்துப் பெண்கள் வாய் திறந்து, எங்கள் பாடு எங்களோடு, உங்களை விட்டுவிட்டோம் என்று சொன்னால்தான் நிற்கும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது.

அதனால் அவர் அளத்துக்கே வந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்த காலை. காரை ரோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடை பிடித்த கங்காணி பின்னால் வர, பாத்திகளுக்கு நடுவே வரப்பில் வெகுதூரம் நடந்து உள்ளே வந்தார். அவர் அளத்துக்குள் இவ்வளவு தூரம் வந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள்.

“ஒரே ஒரு வார்த்தை” என்றார் கோமதிநாயகி அம்மாள். “விட்டுட்டோம்னு எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. நான் போயிருதேன், உங்களுக்கும் எனக்கும் ஒரு வம்பும் இல்ல.”

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“சந்தனமாரி யாரு?”

சந்தனமாரி இரண்டடி முன்னால் வந்தாள். கையிலிருந்த உப்பு வாருகிற பலகையை வரப்பில் வைத்தாள்.

“உம் மக நம்ம காலேஜ்லதான படிக்கா. நல்லாப் படிக்கான்னு சொன்னாங்க. நீ ஆரம்பிச்சா மத்தவளுக சொல்லுவாளுக. சொல்லலேன்னா நாளைக்கே அவ டி.சி.யை வாங்கிக்கோ. இந்த அளத்துல உனக்கு வேலையும் கிடையாது.”

சந்தனமாரி ஜெபக்கனியைப் பார்த்தாள். எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிற ஜெபக்கனி, பிள்ளை அவளுடையது, முடிவும் அவளுடையதாக இருக்கட்டும் என்று தள்ளி நின்றாள். வரப்பில் நின்ற பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். சந்தனமாரி வழக்கம்போல எல்லாவற்றையும் கற்பனை செய்து பார்த்தாள், மகள் டி.சி.யைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதை, வேறு ஊருக்கு வேலை தேடிப் போவதை, வாடகை வீட்டை, பஸ்ஸை, எல்லாவற்றையும். ஒவ்வொன்றும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கற்பனை ஒவ்வொன்றிலும் அவள் உயிரோடு இருந்தாள். இந்த அம்மாள் கேட்கிற வார்த்தையைச் சொன்னால் மட்டும் இருக்க மாட்டாள்.

“டி.சி. குடுங்கம்மா” என்றாள். “எம் மவ வேற எங்கயாவது படிப்பா. நான் அஞ்சோட நின்னவ, அதனால ஒண்ணு தெரியும், படிப்ப நிப்பாட்டலாம், படிச்சத யாரும் புடுங்க முடியாது. சொல்ல மாட்டேன்.”

குனிந்து குடத்தைச் சாய்த்துச் சொம்பை நிரப்பினாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே குடித்தாள். அவள் சொம்பைக் கீழே வைக்குமுன் ஜெபக்கனி இன்னொரு குடத்தின் சாக்கை உருவி எறிந்தாள். பாட்டில்கள் திறந்தன, தூக்குவாளிகள் திறந்தன, வரப்பு நெடுக எல்லாப் பெண்களும் அண்ணாந்து குடித்தார்கள், தொண்டைகளில் தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோமதிநாயகி அம்மாளுக்கு அடிவயிறு முட்டியது. முகம் இறுகியது. பட்டுப்புடவையைப் பிடித்திருந்த கை இன்னும் இறுகியது. தூரத்தில் ரோட்டில் கார் உறுமியது. டிரைவரும் கல்லூரி ஆள்தான், புத்தகம் படித்தவன்தான், கழிவறை இருக்கிற பெட்ரோல் பங்கைத் தேடி அவன் புழுதி பறக்கப் போய்க்கொண்டிருந்தான்.

“கங்காணி, கார்” என்றார் அந்த அம்மாள்.

“போயிட்டும்மா” என்றார் கங்காணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவர் சுற்றிலும் பார்த்தார். கிழக்கே பார்த்தார், பாத்தி. மேற்கே பார்த்தார், பாத்தி. ரோட்டுக்கு நடக்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தார், வைத்த காலை அப்படியே நிறுத்திக்கொண்டார். உப்பு ஏற்ற வந்த லாரி ஒன்று நின்றது, அதன் மேலிருந்து ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஏட்டி, இங்க எங்கதான் போறது?” என்று கேட்டார். அந்தக் குரலில் தாளாளர் இல்லை.

கூட்டத்தில் ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். ஜெபக்கனி அவளை முறைத்து அடக்கினாள். அந்த நிலைமை எப்படி இருக்கும் என்று அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை.

“கட்டித் தாரேன்” என்றார் அந்த அம்மாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. “சத்தியமா கட்டித் தாரேன். இப்பக் குடிக்காதீங்க.”

சந்தனமாரி வாருபலகையை எடுத்தாள். உலர்ந்த இடமாகப் பார்த்துப் பலகையின் விளிம்பைத் தரையில் ஊன்றி இழுத்தாள், திரும்பி இழுத்தாள், நாலு பக்கமும் கோடு போட்டு, ஒரு பக்கம் வாசலுக்கு இடைவெளி விட்டாள். பக்கத்தில் இன்னொன்று போட்டாள், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“இந்த இடத்துலம்மா. தண்ணித் தொட்டி இந்தப் பக்கம். கதவுக்கு உள்ள தாழ் போட கொண்டி வேணும்.” பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “கங்காணியண்ணன் போயி கொத்தனாரையும் கல்லையும் கூட்டிட்டு வரட்டும். அது வரைக்கும் நீங்க அதுக்குள்ள நில்லுங்க, உங்களுக்குன்னு ஒரு இடம் போட்டாச்சு. சுவர் மட்டும்தான் பாக்கி.”

அம்மாளின் முகத்தைக் கங்காணி பார்த்தார், உத்தரவுக்காகக் காத்திருக்காமல் குடையை மடக்கி வரப்பில் ஓட ஆரம்பித்தார். கோமதிநாயகி அம்மாள் தரையிலிருந்த கோட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், பிறகு மெதுவாக, தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு நடந்து, வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போய் நின்றார்.

சந்தனமாரி குடத்தருகே திரும்பி வந்து இன்னொரு சொம்பு மொண்டாள்.